ஐம்பது வயதுக் காருக்கு விண்டேஜ் பதிவு: ஓராண்டு ஓட்டிய பிறகு ஒரு மதிப்புரை

பெரியப்பா 1967-இல் புதிதாக வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இப்போது என் பெயரில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் உருவாகி, பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஓடி, பிறகு பதினோரு ஆண்டுகள் ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி அது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தபோது, சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போவதா, 2021-இல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய விண்டேஜ் பதிவுக்கு மாறிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. நான் விண்டேஜ் பதிவுக்கு மாறினேன். அதற்காகக் கட்டிய பணத்துக்கும் அலைந்த அலைச்சலுக்கும் என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். காரின் அழகைப் பற்றிப் பேசப் புகுந்தால் கட்டுரை முடியாது. ஆகையால் பதிவு என்னும் சேவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ-இல் தொடங்கும் சில விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் விற்பனைக்குப் பின் முதன்முதலாகப் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளும் கார்களும், இறக்குமதி செய்யப்பட்டவை உட்பட, இந்த விதிகளின் கீழ் விண்டேஜ் வாகனங்கள் ஆகின்றன. பழைய பேருந்தையும் லாரியையும் பேணி வைத்திருப்பவர்களுக்கு இதில் இடமில்லை. விண்டேஜ் என்ற சொல்லை 1919 முதல் 1930 வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே உரியதாக வைத்திருக்கும் பழைய கார் அன்பர்கள், 1967-ஆம் ஆண்டு ஹெரால்டை அந்தப் பெயரால் அழைப்பதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சட்டம் அந்த நுணுக்கத்துக்குள் போகாமல், வயது ஒன்றையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்த அளவுகோலும் கறாரானது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டுகளைப் போதுமென்று கருதுகிறது; ஜெர்மனியில் எச் என்ற எழுத்தோடு தரப்படும் எண் தகட்டுக்கும் 30 ஆண்டுகள்தான். நம் நாட்டிலோ 1983 டிசம்பரில் சாவி கைமாறிய முதல் மாருதி 800 கூட 2033-இன் இறுதி வரை காத்திருக்க வேண்டும்.

வயதைக் காட்டிலும் சிக்கலானது இரண்டாவது நிபந்தனை. வண்டி அதன் மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஹெரால்டு தனிச் சேஸிஸ் மீது பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்த கார். முன்பாகம், நடுப்பாகம், பின்பாகம் என்று கழற்றி மாட்டலாம் என்பதே அந்த வடிவமைப்பின் சிறப்பு. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும், துருப்பிடித்த அவுட்ரிகரை வெட்டி எடுத்துவிட்டு அதே அளவில் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தால் அது பழுதுபார்ப்பா, சேஸிஸ் மாற்றமா? விதியில் பதில் இல்லை. அதைப் பார்க்க வரும் ஆய்வாளரின் அனுபவமும் அன்றைய மனநிலையுமே பதில். எனக்கு வந்தவர் சேஸிஸ்களைப் பார்த்துப் பழகியவர். டார்ச் அடித்து, பற்றவைத்த இடத்தை விரலால் தடவி, "அளவு மாறலையே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வேறொருவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எஞ்சின் பற்றிய நிபந்தனைதான் நம்மூரில் பலரைத் தடுக்கும். பெட்ரோல் விலை கையைக் கடித்த காலத்தில் எத்தனையோ அம்பாசடர்களும் ஃபியட்களும் டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டன. அது அன்றைக்கு யாரும் தவறாக நினைக்காத, குடும்ப பட்ஜெட்டைக் காப்பாற்றிய வேலை. இன்று அந்த வண்டிகளை மூல வடிவத்தில் உள்ளவை என்று சொல்ல வழியில்லை. 60-களின் அம்பாசடரைத் தேடி அலைபவர்கள் பெயிண்டையும் இருக்கைத் துணியையும் பார்ப்பதற்கு முன்னால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் எஞ்சின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிடுவது நல்லது. என் ஹெரால்டில் அந்தப் பழைய 948 சிசி எஞ்சினே இருந்ததால் தப்பித்தேன். பெரியப்பா சிக்கனக்காரர் அல்லர் என்பது ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எனக்கு உதவியது.

விண்ணப்பத்துக்குக் கேட்கும் காகிதங்கள் அதிகமில்லை. படிவம் 20, நடப்பில் உள்ள காப்பீடு, கட்டணம், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டியானால் பழைய ஆர்.சி., இறக்குமதியானால் சுங்கத்துறையில் தாக்கல் செய்த ஆவணம். 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-இல் பதிவுச் சான்று தரவேண்டும் என்றும் விதி சொல்கிறது. காப்பீட்டில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை: ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு அதன் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். பேசாமல் விட்டால் அவர்கள் போடும் தொகை பழைய இரும்பின் விலைக்குப் பக்கத்தில் நிற்கும். நான் புகைப்படங்களையும், செலவழித்த ரசீதுகளையும் இணைத்து அனுப்பி அதை உயர்த்திக்கொண்டேன்.

காகிதம் குறைவாக இருந்தும் எனக்கு 60 நாட்கள் போதவில்லை. நூறு நாட்களைத் தாண்டியது. காரணம் ஒரு தேதி. பெரியப்பா காலத்து ஆர்.சி. புத்தகம், ஓரம் பழுப்பேறிய, மடித்த இடத்தில் செல்லோடேப் ஒட்டிய சிறு புத்தகம். அதில் 1967 என்று நீல மையில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது யாரோ ஒருவர், வண்டி பெரியப்பா பெயரிலிருந்து அப்பா பெயருக்கு மாறிய 1994-ஆம் ஆண்டுத் தேதியை முதல் பதிவுத் தேதி என்ற இடத்தில் அடித்துவிட்டார். எனவே கணினியின் கணக்கில் என் ஹெரால்டுக்கு முப்பது வயதுதான். ஐம்பது ஆகாத வண்டிக்கு விண்ணப்பத்தையே அது ஏற்கவில்லை. கவுண்ட்டரில் இருந்தவர் புத்தகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். "சார், புக்ல இருக்கிறது எனக்குத் தெரியுது. ஆனா சிஸ்டம் ஒத்துக்கலையே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, மேலதிகாரி கையெழுத்திட்டு, திருத்தம் ஏறுவதற்குள் ஏழு முறை போக வேண்டியிருந்தது. இந்தப் பதிவுக்கு மாற நினைப்பவர்கள் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, தங்கள் வண்டியின் பதிவுத் தேதி கணினியில் எப்படி இருக்கிறது என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. இன்னொன்று: நேரடிச் சோதனைக்கு வரும்போது சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். என் வண்டியில் அந்த எண் சேஸிஸில் பொறிக்கப்படாமல், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தீச்சுவரில் ரிவிட் அடித்த ஒரு சிறு தகட்டில் இருக்கிறது. அதைத் துடைத்து வைக்காமல் போனதால் அரை மணி நேரம் வீணாயிற்று.

கட்டணத்தைப் பற்றி ஒரே பேச்சாக நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது. அது நீங்கள் எந்த வண்டி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்டேஜ் பதிவுக்குப் புதிதாக 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நான் விண்ணப்பித்த நாளில், 15 ஆண்டைக் கடந்த காரின் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய்தான் ஆயிற்று. எனவே நண்பர்கள் என்னை ஏமாளி என்றார்கள். 2025 ஆகஸ்டில் அரசு 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியதும் கணக்கு மாறிவிட்டது. சாதாரணப் பதிவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீதம் பத்தாண்டில் இருமுறை கட்டினால் அதுவும் 20,000 ஆகிறது; அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அங்கே 10,000, இங்கே 5,000. இறக்குமதியான கார்களுக்குச் சாதாரணப் புதுப்பித்தல் 80,000 ரூபாய் ஆகிவிட்ட நிலையில், பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர் இரண்டாவது முறை யோசிக்கவே தேவையில்லை. மோட்டார்சைக்கிள்காரர்களுக்குத்தான் இது அநியாயம். ரோல்ஸ் ராய்ஸுக்கும் புல்லட்டுக்கும் ஒரே 20,000 ரூபாய் என்று எழுதியவர்கள், 20 ஆண்டைக் கடந்த மோட்டார்சைக்கிளின் சாதாரணப் புதுப்பித்தலுக்கு 2,000 ரூபாய்தான் என்பதை எடைபோட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் பணக்கணக்கு இந்தப் பதிவின் பாதிதான். மறுபாதி, சாதாரணப் பதிவில் எந்த நேரத்திலும் எங்கும் ஓட்டலாம், விண்டேஜ் பதிவில் அப்படி ஓட்ட முடியாது என்பது. விதி பட்டியலிடும் காரணங்கள் இவை: காட்சிக்கு வைப்பது, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணியில் கலந்துகொள்வது, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு, கண்காட்சிக்கும் பேரணிக்கும் போய்வருவது. அன்றாட உபயோகத்துக்கும் வணிகத்துக்கும் சாலையில் இறக்கக் கூடாது. அலுவலகத்துக்கு ஹெரால்டில் போகும் எண்ணம் எனக்கு என்றும் இருந்ததில்லை. எனவே கையெழுத்திடும்போது இந்தக் கட்டுப்பாடு பெரிதாகத் தெரியவில்லை. ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் உண்மையான குறை புரிந்தது.

பழைய காருக்கு நிற்பதைவிடக் கெடுதல் வேறில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக்கொள்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பழைய ரப்பர் குழாய்களை இளகவைக்கிறது. பிரேக் வீல் சிலிண்டர்களில் உள்ள ரப்பர் கப்புகள் அசையாமல் கிடந்து பிடித்துக்கொள்கின்றன. பேட்டரி இறங்குகிறது. டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது. ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கெடுதலே அதிகம், ஏனென்றால் சூடேறாத எஞ்சினுக்குள் வியர்த்த நீர் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடுகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டில் குறைந்தது கால் மணி நேரமாவது சாலையில் ஓடியாக வேண்டும். என் மெக்கானிக் இதைத் தன் பாணியில் சொன்னார்: "வாரத்துக்கு ஒருவாட்டி இருபது கிலோமீட்டர் ஓட்டுங்க சார். இல்லன்னா மாசத்துக்கு ஒருவாட்டி என்கிட்ட தள்ளிக்கிட்டு வருவீங்க."

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் அந்த இருபது கிலோமீட்டரை ஓட்டுகிறேன். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளையும் விளக்குகளையும் சேர்த்துக்கொண்டு முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பெட்ரோல் பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு நெம்புகோலை விரலால் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினால், முதலில் காற்றை மட்டும் தள்ளிய பம்பு, பெட்ரோல் ஏறியதும் விரலுக்குக் கனமாகத் தெரியும். பானட்டை மூடி, சோக்கை முழுவதும் இழுத்து, சாவியைத் திருப்பினால் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டருக்குள் சோக்கைப் பாதி உள்ளே தள்ளலாம்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறேகால் மணிக்கு, வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்த உதவி ஆய்வாளர் விண்டேஜ் என்ற சொல்லை இரண்டு முறை படித்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "எங்க சார் போறீங்க?" எந்தப் பதிவுள்ள காரிலும் இந்தக் கேள்விக்குப் பதில் எதுவாகவும் இருக்கலாம், சும்மா என்றுகூடச் சொல்லலாம். என் பதிவில் மட்டும் பதில் பட்டியலில் உள்ள ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் சூடேற ஓட்டுவது பராமரிப்புதானா என்று அந்தக் கணத்தில் எனக்கே ஐயம் வந்துவிட்டது. "பெட்ரோல் போடப் போறேன் சார்" என்றேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஸ்பீடோமீட்டருக்குள்ளேயே அமைந்த சிறிய பெட்ரோல் முள், முந்தைய நாள்தான் நிரப்பியிருந்ததால், முழு டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் முள்ளைப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "சரி, பாத்துப் போங்க" என்று ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுத்தார். காப்பீடு, புகைச் சான்று என எல்லாம் சரியாக வைத்திருந்த ஒருவன், செய்யக் கூடியதென்று தான் நம்பும் ஒரு வேலைக்கு விடிகாலையில் பொய் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். மூன்று நட்சத்திரத்துக்கு மேல் இந்தப் பதிவுக்குத் தர எனக்கு மனம் வராததற்கு அந்தக் காலைதான் காரணம்.

குறை எங்கே இருக்கிறது என்றால், நம் விதி ஓட்டும் காரணத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஓட்டும் அளவைக் கட்டுப்படுத்தவில்லை. காரணம் என்பது ஓட்டுநரின் மனத்துக்குள் இருப்பது. சாலையோரத்தில் அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதே கட்டுப்பாட்டை வேறு வழியில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 25 ஆண்டைக் கடந்த வண்டிக்குக் கிளப் பெர்மிட் என்ற பதிவு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாளா, 90 நாளா என்று தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற கட்டணம் கட்டி, ஒரு பயணப் புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் வண்டியை எடுப்பதற்கு முன் அந்தப் புத்தகத்தின் அடுத்த வரியில் தேதியை எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாள் முழுவதும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பேரணிக்கும் போகலாம், காய்கறிக் கடைக்கும் போகலாம், வாடகைக்கு விடுவது மட்டும் கூடாது. எழுதாமல் எடுத்தால் பதிவில்லாத வண்டியை ஓட்டிய குற்றம். நியூ சவுத் வேல்ஸில் வயது 30. கிளப் நிகழ்ச்சிகளுக்குப் போவது தனி, அதற்கு மேல் சொந்த ஓட்டத்துக்கு ஆண்டில் 60 நாள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 90 நாள். எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டிய அவசியமே காவலருக்கு இல்லை. புத்தகத்தைக் காட்டச் சொன்னால் போதும்.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. நிறுத்தினால் மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுபவர் எந்த ஊரிலும் இருப்பார். கிளப் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும் என்பதும் நம்மிடத்தில் எளிதல்ல. சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு சிற்றூரில் தாத்தாவின் லேம்ப்ரெட்டாவைப் பேணிவருபவர் எந்தக் கிளப்புக்குப் போவார்? அப்படியிருந்தும், ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற எண்ணிக்கை என் கையில் இருந்திருந்தால் பெட்ரோல் முள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்காது. பிரிட்டன் இன்னும் தாராளம்: 40 ஆண்டைக் கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாதவற்றுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை, ஓட்டுவதற்கு நாள் கணக்கும் இல்லை. நம் போக்குவரத்து நெரிசலைப் பார்க்கையில் அந்த அளவுக்கு நான் கேட்க மாட்டேன்.

இந்தக் குறைக்கு இப்போதைக்கு நான் கண்டுபிடித்த மாற்று, நானே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டதுதான். கார் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள தட்டில் அது இருக்கிறது. தேதி, கிளம்பும்போது கிலோமீட்டர், செய்த வேலை, திரும்பும்போது கிலோமீட்டர். "பிரேக் படிய ஓட்டம், 18 கி.மீ., பின் இடது சக்கரம் லேசாகச் சூடு" என்பது மாதிரி எழுதுகிறேன். சட்டத்தில் இதற்கு எந்த மதிப்பும் கிடையாது. ஆனால் அடுத்த முறை நிறுத்தியபோது அந்த நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பராமரிப்பு என்று வாயால் சொல்வதற்கும், பராமரிப்பின் வரலாற்றைக் கையில் கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. அந்த நோட்டால், சக்கரம் சூடாவது தொடர்ந்து மூன்று வாரம் பதிவாகி, வீல் சிலிண்டரை நேரத்தில் கழற்ற முடிந்தது தனி லாபம்.

வணிகம் கூடாது என்ற தடை பலருடைய வருமானத்தில் கைவைக்கும். நம்மூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கணிசமானோர் கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வண்டியைக் கொடுத்துத்தான் அதன் பராமரிப்புச் செலவை ஈடுகட்டுகிறார்கள். வாடகை வாங்கிக்கொண்டு கொடுப்பது இந்தப் பதிவில் நேரடி மீறல். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு, ஒரு பைசா வாங்காமல், மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டைக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். அது வணிகம் இல்லை, அன்றாட உபயோகமும் இல்லை. ஆனால் பட்டியலிலும் இல்லை. கடைசியில் வாடகை இன்னோவாவில் மாப்பிள்ளை வந்தார். படப்பிடிப்பு வருமானத்தை நம்பியிருப்பவர்கள் இந்தப் பதிவின் பக்கம் வரவே வேண்டாம்.

இனி, எனக்கு முழு மனநிறைவு தந்த பகுதி: எண். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும் மாநிலக் குறியீடு, அடுத்து விஏ என்ற எழுத்துகள், பிறகு ஈரெழுத்து வரிசை, 0001 முதல் 9999 வரை ஓர் எண் என்று கொடுப்பார்கள். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் அந்தப் பழைய மெட்ராஸ் எண்களைப் பார்த்தாலே வண்டியின் வயதைச் சொல்லிவிடும் தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது. டிஎன் வரிசை வந்தபிறகு பிறந்தவர்களுக்கு அது வெளிமாநில வண்டி போலத் தெரிகிறது. அந்த எண் போய்விடுமோ என்றுதான் நான் அதிகம் பயந்தேன். போகவில்லை. பெரியப்பாவின் பழைய புகைப்படத்தில் அவர் சாய்ந்து நிற்கும் காரின் எண்ணும், இன்று என் வாசலில் நிற்கும் காரின் எண்ணும் ஒன்றே.

இன்னொரு பயனும் சொல்ல வேண்டியது. ஆயுள் முடிந்த வாகனங்களை உடைப்புக்கு அனுப்புவதற்கான, 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், விண்டேஜ் வாகனங்களைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. பழைய வண்டி என்றாலே உடைப்புக்குப் போகவேண்டியது என்ற பேச்சு வலுத்துவரும் காலத்தில், இது வேறு வகை என்று சொல்லும் ஒரு தாள் கையில் இருப்பது தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கிறது. விற்க நினைத்தாலும் தடையில்லை. விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், காரை வாரம் ஒருமுறை ஓட்டி, ஆண்டில் நாலைந்து பேரணிக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோய், மற்ற நாட்களில் உறை போட்டு வைத்திருப்பவருக்கு ஏற்றது. இறக்குமதிக் கார் வைத்திருப்பவருக்கு மிகவும் ஏற்றது. நினைத்தபோது மகாபலிபுரம் வரை போய்வர வேண்டும் என்பவர் 10,000 ரூபாய் கட்டிச் சாதாரணப் பதிவிலேயே இருந்துவிடலாம். என் வீட்டில் ஹெரால்டுக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் செய்த 1972-ஆம் ஆண்டு புல்லட் ஒன்றும் நிற்கிறது. அதற்கும் வயது 50 கடந்துவிட்டது, எஞ்சினும் மூல எஞ்சின்தான். அதன் பதிவு அடுத்த ஆண்டு முடிகிறது. 2,000 ரூபாய் கட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொள்வதாக இருக்கிறேன்.